கடல் கடந்து வந்த நுளம்பு

என் வேலை நுளம்பு தேடுவது. இதைக் கேட்டதும், "அதைத் தேடவும் வேணுமோ? பின்னேரம் ஆறு மணிக்கு வாசலில வந்து நிண்டாக் காணுமே" என்று சொல்லாத ஒருவரை மன்னாரில் நான் இன்னும் சந்திக்கவில்லை. கல்யாண வீட்டில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தபோது என் மாமனாரும் அதையேதான் சொன்னார். எனக்கும் சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டது.

ஆனால் நாங்கள் தேடுவது வாசலில் நிற்கிற நுளம்பை அல்ல. நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது. ஒழிந்த நோய் திரும்ப உள்ளே வராமல் பார்ப்பதுதான் எங்களுக்குச் சம்பளம். பழைய மலேரியா நுளம்பு ஆறு வற்றும்போது மணலில் தேங்குகிற குட்டைகளில் பிறப்பது. அதன் குணம் எங்களுக்குத் தெரியும். இப்போது மன்னாருக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. இந்தியப் பட்டணங்களில் காலங்காலமாக இருப்பது. அதற்குக் குட்டையும் வேண்டாம், ஆறும் வேண்டாம். வீட்டுக் கிணறு, சீமெந்துத் தொட்டி, மூடாத பீப்பாய், இவையே போதும். அதிலும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் மிகவும் சந்தோஷம்.

ஆகவே நாங்கள் வீடு வீடாகப் போய்க் கிணறுகளை எட்டிப் பார்ப்போம். நாங்கள் என்றால் நானும் ஒரு அண்ணையும். அண்ணை மருந்தடிக்கும் தொழிலாளியாகச் சேர்ந்து எங்கள் மலேரியாத் தடுப்புக் கந்தோரிலேயே தலை நரைத்தவர். நான் படித்துவிட்டு வந்த பூச்சியியல் உதவியாளர். அதனால் அவர் என்னை 'மிஸ்' என்பார். அந்த 'மிஸ்'ஸில் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கேலியும் இருக்கும்.

ஒரு வருடம் பள்ளிமுனையில் ஒரு ஒழுங்கையை, ஒரு சின்னத் தெருவை, எடுத்துக்கொண்டோம். ஒழுங்கையின் நடுவில் ஒரு அப்பக்கடை. கடை என்றால் வீட்டு முன்விறாந்தையில் இரண்டு அடுப்பும், வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கும்தான். நடத்தியவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. யுத்த காலத்தில் சிறுபிள்ளையாகப் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். அங்கே முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகளோடும் புருஷனோடும் திரும்பி வந்து மீள்குடியேறி, அரசாங்க வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடும் பெற்றிருந்தார். புருஷன் கடலுக்குப் போகிறவர். அக்காவின் வாயில் இரண்டு கரைத் தமிழும் கலந்துதான் வரும். ஒரே வசனத்தில் 'வாங்க' என்று தொடங்கி 'இருங்கோ' என்று முடிப்பார்.

அவர் வீட்டு வளவில் இருந்த கிணறுதான் ஒழுங்கைக்கே நல்ல தண்ணீர் கொடுத்தது. சுற்றியிருந்த கிணறுகளெல்லாம் உவர். அப்பத்தின் மென்மைக்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அக்கா நம்பினார். அதைப்பற்றிப் பேசும்போது அவர் முகத்தில், பிள்ளை சோதனை பாஸ் பண்ணிய தாயின் களை தெரியும்.

"அக்கா, உங்கட கிணத்தில நுளம்பு இருக்கோ எண்டு பாக்க வந்தனாங்கள்" என்றேன்.

"என் கிணத்துல கொசுவா? குடிக்கிற தண்ணிங்க மிஸ் அது."

"நுளம்பு."

"அங்க கொசு, இங்க நுளம்பு. பேரை மாத்தினா கடிக்காம விடுமோ? போய்ப் பாருங்கோ, ஒண்டும் இராது."

அண்ணை வாளியை இறக்கி, தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் வழித்துத் தூக்கினார். அதை வெள்ளைத் தட்டில் ஊற்றிவிட்டு இருவரும் குனிந்தோம். நுளம்புக் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வந்த புழு, தண்ணீரில் எப்படி நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண நுளம்பின் குடம்பி தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியா வகையின் குடம்பி, தண்ணீரின் முகத்தோடு ஒட்டிப் பாய் விரித்தாற்போல் படுத்திருக்கும். அக்காவின் கிணற்றில் இருந்தவை எல்லாம் படுத்திருந்தன.

"மிஸ், பெரிய இடத்து ஆக்கள். கட்டில் போட்டுப் படுத்திருக்கினம்" என்றார் அண்ணை மெதுவாக.

போத்தலில் எடுத்துப் போய்க் கந்தோரில் வளர்த்தேன். சில நாட்களில் அவை நுளம்பாகி எழுந்தன. நுணுக்குக்காட்டியில் சிறகின் புள்ளிகளையும் காலின் கோடுகளையும் பார்த்தபோது சந்தேகம் இருக்கவில்லை. புதிய ஆள்தான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஒளிப்பானேன். தேடுகிறவளுக்குக் கிடைத்தால் சந்தோஷம் வராதா?

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த பிழையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்தபின் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் ஒழுங்கைச் சனத்துக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். நான் படமெல்லாம் கொண்டு போனேன். இந்த நுளம்பு எங்கிருந்து வந்தது, எங்கே முட்டையிடும், நோயுள்ள ஒருவரைக் கடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொருவரைக் கடித்தால் என்ன ஆகும் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஆனால் 'இது இந்தியாவிலிருந்து வந்த இனம்' என்பதை இரண்டு மூன்று தரம் அழுத்திச் சொல்லிவிட்டேன். போதாததற்கு, "உங்கட ஒழுங்கையிலயே ஒரு நல்லதண்ணிக் கிணத்தில கண்டனாங்கள்" என்றும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி. ஒழுங்கையில் நல்லதண்ணிக் கிணறு ஒன்றே ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. அப்பக்கடைக்கு எதிர்வீட்டு மாஸ்டர். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஒழுங்கையில் ஒரு பகிடி பிறந்தால் அதற்கு அவர்தான் தகப்பன்.

"பிள்ளை, அப்ப இதுவும் மீள்குடியேறின நுளம்பு. வீட்டுத்திட்டம் குடுத்தாச்சோ?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்பதால் அல்ல, கூட்டம் கலகலப்பாகப் போகிறதே என்பதால் சிரித்தேன். மூன்றாவது வரிசையில் அப்பக்கடை அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு கழற்ற மறந்ததுபோல் கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்த கிழமை கிணற்றுக்குக் கப்பி மீன் கொண்டு போனோம். விரல்நுனி அளவு மீன்தான். குடம்பியைத் தின்பதில் அதற்கு நிகரில்லை. படலை சாத்தியிருந்தது. அப்பக்கடையில் ஆள் இல்லை. கூப்பிட்டதும் அக்கா வெளியே வந்தார், ஆனால் படலையைத் திறக்கவில்லை.

"மீன் வேண்டாம் மிஸ். அப்பம் மீன் மணக்குது எண்டு சனம் சொல்லும். இப்பவே சொல்றதுக்குக் குறைவில்ல."

"என்ன சொல்லுகினம்?"

"இந்தியன் கிணறாம். மூண்டு நாளா ஒருத்தரும் தண்ணிக்கு வரேல்ல. நாங்க போறப்ப எனக்கு எட்டு வயசு. அங்க எங்கள சிலோன்காரங்க எண்டு கூப்பிட்டாங்க. இங்க வந்தா இந்தியாக்காரர். ஆனா கொசுவையும் நாங்கதான் பெட்டியில கட்டிக் கொண்டு வந்தமெண்டு இப்பத்தான் கேள்விப்படுறன்."

குரல் உயரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, "அடுப்பில பாணி இருக்கு" என்று உள்ளே போய்விட்டார். அடுப்பு முன்விறாந்தையில், என் கண்ணுக்கு முன்னால், அணைந்து கிடந்தது.

திரும்பும்போது அண்ணைதான் மோட்டார்சைக்கிளை ஓட்டினார். சந்தி வந்ததும் கேட்டார்: "மிஸ்ஸும் சிரிச்சனீங்களோ அண்டைக்கு?"

"ஓம் அண்ணை."

"நானும்தான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வேலை மிச்சம் இருந்தது. வளர்ந்த நுளம்பு பிடிப்பது. ஒரு பெரிய வலைக்கூடாரத்துக்குள் பின்னேரமே ஒரு மாட்டைக் கட்டிவிட்டு, விடியப் போய் உள்ளே வந்திருக்கும் நுளம்புகளைப் பிடிப்போம். அக்காவின் வளவில் கட்டுவதாகத்தான் திட்டம். இப்போது அது நடக்காது. அடுத்த பெரிய வளவு மாஸ்டருடையது. கேட்டோம். பொதுச்சேவை என்று நெஞ்சை நிமிர்த்திச் சம்மதித்தார். மாடு தருவதாகச் சொன்னவர் மட்டும் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். மன்னாரில் மாட்டுக்குப் பஞ்சம் வரலாம், கழுதைக்கு வராது. சந்தியில் சும்மா நின்ற ஒன்றை அண்ணை வாழைப்பழம் காட்டிக் கூட்டி வந்தார்.

காலை ஐந்தரைக்கு நாங்கள் போனபோது மாஸ்டர் சாரமும் சிவந்த கண்ணுமாகப் படிக்கட்டில் இருந்தார். கழுதை வலையின் ஒரு பக்கத்தைக் கிழித்து, அந்த ஓட்டைக்குள்ளால் கழுத்தை நீட்டி, கொடியில் கிடந்த அவருடைய பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டின் ஒரு கையை மென்றுகொண்டிருந்தது.

"பிள்ளை, இது விடியவிடியப் பாடினது" என்றார். "நான் கணக்குப் படிப்பிச்ச காலத்திலயும் இப்பிடி ஒரு மாணவனைக் காணேல்ல."

கிழிந்த வலைக்குள்ளும் எங்களுக்குக் கொஞ்சம் நுளம்பு கிடைத்தது. அதில் புதிய ஆளும் இருந்தது. இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

"என்ர வளவிலயோ?"

"ஓம் மாஸ்டர். உங்கட பின்பக்கத் தொட்டியையும் ஒருக்காப் பாக்கவேணும்."

தொட்டியில் குடம்பி இல்லை. அதனால் அவர் தப்பினார். நான்தான் தப்பவில்லை.

அன்று மத்தியானம் வேலை முடிந்து வரும்போது உப்புக்குளத்தில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று அண்ணையைக் கூப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் நாங்கள் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தோம். மேசன் வேறு வேலைக்குப் போய் மூன்று கிழமை. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். மேசனைத் தேடிப் பிடிப்பது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, அதைச் செய்யாமல் இருந்தார். சுவரை நனைக்க நிரப்பிய சீமெந்துத் தொட்டி அப்படியே கிடந்தது. நான் காலை ஏழுக்குப் போய் மாலை ஐந்துக்கு வருகிறவள். ஊரார் தொட்டிகளையெல்லாம் எட்டிப் பார்த்துக் களைத்து வருகிறவளுக்குத் தன் வீட்டுத் தொட்டியைப் பார்க்க எங்கே நேரம்?

நான் தேத்தண்ணியோடு பின்வாசலுக்கு வந்தபோது அண்ணை கதிரையில் இல்லை. தொட்டிக்கரையில் குந்தியிருந்தார். பையிலிருந்து வெள்ளை அகப்பையை எடுத்திருந்தார். ஒரு அகப்பை மொண்டு என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். ஐந்தாறு பேர் சுகமாகப் படுத்திருந்தார்கள்.

"மிஸ்" என்றார் அண்ணை. "வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் எழுதவோ, இல்லாட்டி எச்சரிச்சு விடவோ?"

என் கணவர் அன்று மாலை வந்து இதைக் கேட்டதும் முதலில் மேசனைக் குற்றம் சொன்னார். பிறகு மழையைக் குற்றம் சொன்னார். அந்தக் கிழமை மழையே பெய்யவில்லை என்று நான் சொன்னதும், "அப்ப நீ பாத்திருக்கலாமே, அது உன்ர வேலைதானே" என்றார்.  தொட்டியை உடனே இறைத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு போத்தலில் கொஞ்சம் குடம்பியை எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் இறைத்தேன். ஒரு யோசனை வந்திருந்தது. போத்தலுக்கு வலைத்துணி கட்டிச் சமையலறை மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக நுளம்பாகி எழுந்ததும் கந்தோருக்குக் கொண்டு போய்ச் சிறகைப் பார்த்தேன். அதே புள்ளிகள். மூன்று குடம்பிகள் மட்டும் பிந்தி, போத்தலிலேயே மிஞ்சியிருந்தன.

அடுத்த ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நேரே அப்பக்கடைக்குப் போனேன். ஆள் வரத்து மெல்லத் தொடங்கியிருந்தது. வாங்கில் மாஸ்டர் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அக்கா என்னைக் கண்டார், ஆனால் தாச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் போத்தலை வாங்கில் வைத்தேன்.

"அக்கா, எல்லாருக்கும் முன்னால ஒண்டு சொல்லவேணும். இது என்ர வீட்டுத் தொட்டியில பிடிச்சது. உங்கட கிணத்தில இருந்த அதே ஆள். நான் உப்புக்குளத்தில பிறந்து வளந்தனான், இந்தியாவுக்கு ஒருக்காவும் போகேல்ல. என்ர வீட்டுக்காரர் தலைமன்னாரைத் தாண்டினதில்ல. இந்த நுளம்பு எப்பிடி வந்ததெண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. காத்தில வந்துதோ, சாமான் ஏத்தின கப்பலில வந்துதோ. சனம் கொண்டு வந்ததெண்டு நான் சொல்லேல்ல. ஆனா அப்பிடி விளங்கிற மாதிரிக் கதைச்சிட்டன். அண்டைக்கு நானும் சிரிச்சன். அது பிழை."

 அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு பேரு இருக்காங்க" என்றார். "பதிஞ்சாச்சோ மிஸ்? நிவாரணக் காட் குடுத்தீங்களோ?"

முதலில் சிரித்தது அவர்தான். இந்தமுறை கழற்ற மறந்த சிரிப்பு அல்ல. மாஸ்டர் வாங்கிலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமி, "நான் அண்டைக்குச் சொன்னது ஒரு பகிடிக்கு, பிள்ளை" என்றார் அக்காவைப் பார்த்து.

"தெரியும் மாஸ்டர். கழுதைக்கும் தெரியும். அதான் சேட்டைத் திண்டது" என்றார் அக்கா. மாஸ்டர் அதை ஏற்றுக்கொண்டார். பகிடிக்காரர்களுக்கு உரிய நேர்மை அவரிடம் இருந்தது. நல்ல அடி விழுந்தால் ஒப்புக்கொள்வார்.

கிணற்று வாயை வலையால் மூட அன்றைக்கே சம்மதித்த அக்கா, மீனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் என் வீட்டுத் தொட்டியை மறுபடி நிரப்பி அதில் விட்டு, ஒரு மாதம் அந்தத் தண்ணீரில் நாங்கள் குளித்துக் காட்டவேண்டும். குளித்தோம். என் கணவர், தன் முதுகில் மீன் மணக்கிறதா என்று தினமும் என்னைக் கேட்டார். மாதம் முடிந்ததும் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை உப்புக்குளத்துக்கே வந்து, தொட்டித் தண்ணீரை ஒரு பேணியில் மொண்டு மணந்து பார்த்துவிட்டு, சரி என்றார். மீன் கிணற்றுக்குள் இறங்கியது. சனமும் ஒவ்வொருவராகத் தண்ணிக்கு வரத் தொடங்கியது.

அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து ஒரு காலை, நான் கந்தோரில் இருந்தபோது அக்காவின் தொலைபேசி வந்தது. அவருடைய தம்பி தமிழ்நாட்டிலிருந்து காணிப் பத்திர அலுவலாக வந்து ஒரு கிழமை. முந்தநாள் காய்ச்சல். நேற்றுக் கொஞ்சம் சுகம். இன்றைக்குத் திரும்பவும்.

"பல்லுக் கிட்டுது மிஸ். மூணு போர்வை போட்டும் நடுங்குறான். பிறகு வேர்த்துக் கொட்டுது. இந்தக் குளிர எனக்குத் தெரியும். முகாமில எனக்கே ரெண்டு தரம் வந்தது." சற்று நிறுத்தினார். "இத சொன்னா ஒழுங்கை என்ன கதைக்கும் எண்டும் தெரியும். பேசாம ரெண்டு பனடோல் குடுத்துப் படுக்க வைக்கலாமெண்டு வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் உங்களுக்குக் கோல் எடுத்தன்."

"நல்ல வேலை செய்தனீங்கள் அக்கா. ஆளை வெளியில விடாதைங்கோ. நுளம்பு வலைக்குள்ள படுக்க விடுங்கோ. இப்ப வாறம்."

ஆசுப்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். மலேரியாதான். அன்றைக்கே மருந்து தொடங்கினார்கள். நல்ல காலம், நேரத்தோடு பிடிபட்டது. நாங்கள் அந்த ஒழுங்கையைச் சுற்றியிருந்த அத்தனை கிணற்றையும் தொட்டியையும் மறுபடி அலசினோம். அக்காவின் கிணற்றில் ஒரு குடம்பிகூட இல்லை. மீன்கள் மட்டும் பெருகி, வாளியைக் கண்டதும் ஓடி வந்தன. நான்கு வீடு தள்ளி ஒரு பீப்பாயில் மட்டும் கொஞ்சம் இருந்தது. கவிழ்த்தோம்.

இனி ஒழுங்கையில் எல்லோருக்கும் இரத்தம் பார்க்கவேண்டும். விரல்நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு பூச்சு, அவ்வளவுதான். சனம் என்ன சொல்லுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அக்கா பயத்தை வெளியே காட்டவில்லை. அப்பக்கடை வாங்கையே எங்களுக்கு ஒழுங்குபடுத்தித் தந்து, முதல் ஆளாக விரலை நீட்டினார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். தம்பி எப்படி என்று கேட்டார்கள். ஒருத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகச்சொல்லி ஒரு பேணியில் ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தாள். 'இந்தியா' என்ற சொல்லை அன்று நான் கேட்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லையா, தோன்றியும் விழுங்கிக்கொண்டார்களா, தெரியாது.

பட்டியலில் ஒருவர் மட்டும் குறைந்தார். மாஸ்டர். அவர் மனைவியிடம் கேட்டோம்.

"ஆள் உள்ளதான் நிக்கிறார்" என்றார் அவர். "அலுமாரிக்குப் பின்னால. ஊசியெண்டால் கலியாணம் கட்டின நாளில இருந்து இப்பிடித்தான்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அடுப்பில் இருந்த ஒரு பாலப்பத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து, மாஸ்டர் வீட்டுக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. ஐந்து நிமிஷத்தில் மாஸ்டர் வெளியே வந்து, வாங்கில் இருந்து, முகத்தை மறுபக்கம் திருப்பி விரலை நீட்டினார்.

"பிள்ளை, எண்ணிப்போட்டுக் குத்து" என்றார் என்னிடம். "மூண்டு எண்டதும் குத்து."

ஒன்று என்றதும் குத்திவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான் பூச்சு எடுத்து முடித்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஒழுங்கையில் வேறு எவருக்கும் நோய் இல்லை. தம்பி குணமாகி, பத்திர அலுவலை முடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.